பின்சக்கரம் திருப்பிய கார்: டைமாக்ஸியனின் ஸ்டீயரிங்கில் என்ன கோளாறு?

1933 ஜூலையில், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து பிரிட்ஜ்போர்ட்டில், லோகோமொபைல் கார் கம்பெனியின் பழைய கட்டடம் ஒன்றிலிருந்து ஒரு கார் வெளியே வந்தது. மூன்று சக்கரம், கண்ணீர்த்துளி வடிவ உடல், சுமார் 20 அடி நீளம். பதினொரு பேர் உட்காரலாம் என்றார்கள். முன்னால் இரண்டு சக்கரம், வாலில் ஒன்று. இன்ஜின் பின்னால், ஆனால் அது சுழற்றுவது முன்சக்கரங்களை. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் திரும்புவதோ வாலில் இருக்கும் ஒற்றைச் சக்கரம். பெயர் டைமாக்ஸியன். யோசனை அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லருடையது. அதற்கு உருவம் கொடுத்தவர் ஸ்டார்லிங் பர்ஜஸ். அமெரிக்காஸ் கப் பந்தயப் படகுகளை வடிவமைத்தவர், அதற்கு முன்பு விமானங்களும் கட்டியவர்.

அந்தக் காரைப் பார்த்த கூட்டம் வாய்பிளந்தது அதன் வேகத்துக்காக அல்ல, அது திரும்பிய விதத்துக்காக. பின்சக்கரம் 90 பாகை வரை திரும்பும். முன்பக்கம் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்க, வால் மட்டும் வட்டம் போடும். சாலையோரம் இரண்டு கார்களுக்கு நடுவே இடம் இருந்தால் மூக்கை உள்ளே நுழைத்துவிட்டு, வாலைப் பக்கவாட்டில் இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். நியூயார்க்கில் ஒரு போக்குவரத்துக் காவலரைச் சுற்றி வட்டமடித்துக் காட்டியதாகவும், பிறகு ஒவ்வொரு சந்திப்பிலும் காவலர்கள் நிறுத்தி அதே வித்தையைக் கேட்டதாகவும் ஃபுல்லர் பல முறை சொல்லியிருக்கிறார். அவர் சொல்லும் கதைகளில் கொஞ்சம் மசாலா இருக்கும். ஆனாலும் இந்த வித்தையை அந்தக் காரால் செய்ய முடிந்தது என்பதில் சந்தேகமில்லை.

நடந்து போகிற வேகத்தில் அந்த வித்தையைச் சாத்தியமாக்கிய அதே அமைப்புதான், மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் காரை நேராகப் போகவிடாமல் செய்தது. இரண்டும் ஒரே காரணத்தின் இரு முகங்கள். இதை ஃபுல்லரின் அலட்சியம் என்றோ, காலத்துக்கு முந்திய மேதைமையை உலகம் கொன்றுவிட்டது என்றோ எழுதுகிறவர்கள் நிறைய. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. ஒரு காரின் ஸ்டீயரிங்கைச் சோதிப்பது எப்படி என்கிற அறிவே அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது. கார் முந்திக்கொண்டது, அவ்வளவே.

முதலில் ஒரு சாதாரண காரில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்புகிறோம். முன்டயர்கள் சாலையைப் பிடித்து காரின் முன்பாகத்தை வலப்பக்கம் தள்ளுகின்றன. நாம் போக விரும்புவதும் வலப்பக்கம்தான். ஆக, திருப்பிய கணத்திலேயே வண்டி சரியான திசையில் நகரத் தொடங்கிவிடுகிறது.

பின்சக்கரம் திருப்பும் வண்டியில் வலப்பக்கம் போக வேண்டுமென்றால் வாலை இடப்பக்கம் தள்ள வேண்டும். எனவே முதல் கணத்தில் சாலை அந்த வண்டிக்குக் கொடுக்கும் தள்ளு இடப்பக்கம், அதாவது தப்பான பக்கம். வால் வெளியே போய், மூக்கு வலப்பக்கம் பார்க்கத் தொடங்கி, முன்டயர்கள் சாய்வாக உருளும் நிலை வந்த பிறகுதான் வண்டி மொத்தமாக வலப்பக்கம் நகரும். இந்தத் தாமதம் மிகச் சிறியது. மெதுவாகப் போகும்போது யாருக்கும் தெரியாது. ஆனால் 80 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறது. கால் நொடி தாமதம் என்றாலே ஐந்தரை மீட்டர். எதிரே ஏதோ வந்துவிட்டது, சட்டென்று ஒதுங்க வேண்டும் என்கிற நேரத்தில், வண்டியின் பின்பாதி அந்த ஆபத்தின் பக்கமாகத்தான் முதலில் வீசும்.

சுவரை ஒட்டி நிறுத்திய ஃபோர்க்லிஃப்ட்டை எடுக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சுவரிலிருந்து விலகத் திருப்பினால் பின்பக்கம் சுவரில் இடிக்கும். கொஞ்ச தூரம் நேராக நகர்த்திவிட்டுத்தான் திருப்ப முடியும். காவிரி டெல்டாவில் அறுவடைக் காலத்தில் சாலையில் போகும் நெல் அறுக்கும் மெஷின்களும் பின்சக்கரத்தில் திரும்புபவைதான். முன்னால் சுமை, குறுகிய இடத்தில் திரும்ப வேண்டிய வேலை, வேகம் தேவையில்லை. இந்த மூன்றும் சேரும் இடத்தில் பின்சக்கர ஸ்டீயரிங்கை மிஞ்ச ஆளில்லை. ஃபுல்லரின் காரில் முதல் இரண்டும் இருந்தன. மூன்றாவதைத்தான் அவர் மறுத்தார். மணிக்கு 90 மைல் போகும் என்றும், ஒரு கட்டத்தில் 120 மைல் என்றும் சொன்னார். அந்த 120-க்கு ஆதாரம் எதுவும் இல்லை.

திரும்புவதைவிட நேராகப் போவதில்தான் பெரிய சிக்கல். காரோட்டிகள் இதை அதிகம் யோசிப்பதில்லை, ஏனென்றால் சாதாரண கார் அந்த வேலையைத் தானே செய்துகொள்கிறது. முன்சக்கரம் திரும்பும் அச்சு தரையைத் தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் டயர் தரையைத் தொடுமாறு அமைத்திருப்பார்கள். மெக்கானிக்குகள் காஸ்டர் என்பது இதற்குக் காரணமான சாய்வைத்தான். இதனால் டயர் எப்போதும் அச்சுக்குப் பின்னால் இழுபட்டு, போகிற திசைக்கு நேராகத் தன்னை வைத்துக்கொள்ளும். வளைவு முடிந்து ஸ்டீயரிங்கைத் தளர்த்தினால் அது தானாக நடுவுக்கு வருவதும் இதனால்தான். கையை எடுத்தாலும் கொஞ்ச தூரம் நேராக ஓடும்.

இதே ஏற்பாட்டைப் பின்சக்கரத்துக்குச் செய்தால் என்ன ஆகும்? காற்றோ பள்ளமோ வாலை ஒரு பக்கம் தள்ளுகிறது என்று வையுங்கள். அப்போது பின்டயர் செய்ய வேண்டியது எதிர்த்து நிற்பது. ஆனால் இழுபடும் அமைப்பில் இருக்கும் டயர், வால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே திரும்பிக்கொண்டு வழிவிட்டுவிடும். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் சுழலும் சக்கரம் எந்தத் தள்ளுக்கும் இசைந்து கொடுப்பதைப் போல. எதிர்த்து நிற்க ஆளில்லாத வால் மேலும் மேலும் விலகும். சரி, டயரை அச்சுக்கு முன்னால் வைத்துவிடலாமே என்றால், சக்கரம் தானாகவே அரைவட்டம் சுழன்று திரும்பிக்கொள்ளப் பார்க்கும். இரண்டு வழியும் அடைப்பு.

ஆகவே பின்சக்கர ஸ்டீயரிங் கொண்ட வண்டிக்கு உயிர்நாடி, பின்சக்கரத்தை அசையவிடாமல் பிடித்துக்கொள்வது. கெட்டியாகப் பிடித்தால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. டைமாக்ஸியனின் எடையில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு முன்சக்கரங்களின் மேல் இருந்தது. கனம் முன்னால், எதிர்ப்பைக் கொடுக்கும் டயர் தொலைவில் பின்னால் என்றால், அது அம்பின் இறகு செய்கிற வேலை. பின்சக்கரத்தை ஆணியடித்தாற்போல் நிறுத்திவிட்டால் அந்தக் கார் நேராகவே ஓடியிருக்கும்.

ஆனால் எப்படி நிறுத்துவது? ஓட்டுநர் உட்கார்ந்திருப்பது காரின் மூக்கில். சக்கரம் இருப்பது வாலில். இடையே ஓடியது நீண்ட கம்பி வடம். வடம் என்றால் நீளும், தொய்யும், கப்பியில் தேயும். அந்தத் தொய்வை ஒர்க்‌ஷாப்பில் "ப்ளே" என்பார்கள். முன்சக்கரம் திரும்பும் பழைய காரில் இரண்டு விரற்கடை ப்ளே இருந்தால் எரிச்சலாக இருக்கும், ஆனால் அந்த இடைவெளியில் சக்கரம் தன் போக்கில் நேராகவே நிற்கும். பின்சக்கரக் காரில் அதே ப்ளே வேறு மாதிரி நடந்துகொள்ளும். அந்த இடைவெளிக்குள் வாலைப் பிடிக்க யாருமில்லை. வால் ஒரு பக்கம் சரியும். வடம் விறைத்ததும் நிற்கும். ஓட்டுநர் எதிர்ப்பக்கம் திருத்துவார். மீண்டும் இடைவெளியைக் கடந்து மறுபக்கம் சரியும். விடாமல் நெளிந்துகொண்டே போகும் இந்த ஓட்டத்துக்கு ஓட்டுநரின் கைதான் முழுநேர வேலைக்காரன். பின்னாளில் செய்யப்பட்ட பிரதிக் கார்களை ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்வதும் பெரும்பாலும் இதையே: வளைவுகூடப் பரவாயில்லை, நேராகப் போவதுதான் பெரும்பாடு.

போதாக்குறைக்கு ஓட்டுநர் முன் அச்சுக்குப் பக்கத்தில் இருக்கிறார். வால் வீசும்போது சுழற்சியின் மையம் அவருக்கு அருகில் இருப்பதால், உடம்பில் பெரிதாக எதுவும் உறைக்காது. பின்பக்கம் பார்க்கக் கண்ணாடி ஜன்னலும் இல்லை. கூரையில் ஒரு பெரிஸ்கோப் மட்டும். தன் வண்டியின் எந்தப் பாகம் தவறாகப் போகிறதோ அந்தப் பாகத்தைப் பார்க்கவும் முடியாமல், உணரவும் முடியாமல் ஓட்டுவது என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காற்று. கண்ணீர்த்துளி வடிவம் முன்னோக்கிப் போகும்போது காற்றைக் குறைவாக எதிர்க்கும். டைமாக்ஸியன் பெட்ரோல் குறைவாகக் குடித்ததற்கு இதுவும் காரணம். ஆனால் அதே வடிவம் பக்கக்காற்றில் மூக்கைக் காற்றின் போக்கில் திருப்பிவிடப் பார்க்கும். கூடவே வேகம் ஏற ஏற வளைந்த முதுகின் மேல் ஓடும் காற்று வாலை மேல்நோக்கித் தூக்கும். வாலில்தான் எடையே குறைவு, கால் பங்குதான். அந்தக் கால் பங்கிலும் கொஞ்சம் காற்று எடுத்துக்கொண்டால் டயரின் பிடி குறையும். பிடி குறைந்த அந்தச் சக்கரம்தான் ஸ்டீயரிங். மொத்தம் மூன்று டைமாக்ஸியன்கள் செய்தார்கள். மூன்றாவதன் முதுகில் செங்குத்தாக, மீனுக்கு இருப்பதுபோல் ஒரு துடுப்பு வைத்தார்கள். பிரச்சினை என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

ஏன் இப்படி ஓர் அமைப்பைத் தேர்ந்தெடுத்தார்கள்? படகின் சுக்கான் பின்னால், மீனின் வால் பின்னால், விமானத்தின் வால் பின்னால். காருக்கு மட்டும் ஏன் முன்னால் என்பது ஃபுல்லரின் கேள்வி. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. மேலும் அவர் மனதில் இருந்தது வெறும் கார் அல்ல. ஒருநாள் பறக்கப்போகும் வாகனத்தின் தரையில் உருளும் பகுதியைத்தான் முதலில் செய்வதாக நினைத்தார். விமானம்தான் குறி என்றால், அந்தக் கால விமானங்கள் தரையில் எப்படி நின்றன என்று பாருங்கள்: முன்னால் இரண்டு சக்கரம், வாலில் ஒரு சின்னச் சக்கரம். அப்படியே டைமாக்ஸியன்.

அந்த விமானங்களுக்குப் பேர்போன ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ஓடுபாதையில் இறங்கி ஓடும்போது வால் சற்றே விலகினால், அடக்குவதற்குள் விமானம் சுழன்று பக்கவாட்டில் திரும்பிவிடும், சில சமயம் இறக்கை தரையில் உரசும். வால்சக்கர விமானம் ஓட்டக் கற்கிற யாரும் முதலில் பயப்படுவது இதற்குத்தான். இதைத் தடுக்கப் பல விமானங்களில் இறங்கும்போதும் கிளம்பும்போதும் வால்சக்கரத்தைத் திரும்பாமல் பூட்டிவிடும் வசதி வைத்தார்கள். அதுபோக, செங்குத்து வாலில் காற்று மோதுவதால் அது தரையிலும் ஓரளவு உதவும். பூட்ட முடியாத, துடுப்பு இல்லாத வால்சக்கர விமானத்தை அதே வேகத்தில் சாலையில் மணிக்கணக்கில் ஓட்டுவது. முதல் டைமாக்ஸியனில் நடந்தது இதுவே. பர்ஜஸ் விமானம் கட்டியவர். அவருக்கு இது தோன்றாமல் இருந்திருக்குமா என்பது எனக்குத் தீராத கேள்வி.

மூன்று சக்கரம் என்பதைக் குறையாகச் சொல்கிறவர்களும் உண்டு. அது அவ்வளவு நியாயமில்லை. நம் ஆட்டோவில் முன்னால் ஒரு சக்கரம். வளைவில் பிரேக் போட்டால் எடை முன்னால் சாயும், ஆனால் அங்கே தாங்க ஒற்றைச் சக்கரம்தான், ஆகவே கவிழப் பார்க்கும். டைமாக்ஸியனில் முன்னால் இரண்டு சக்கரம், கனமும் அங்கே. பிரேக் போடும்போது எடை போய்ச் சேருவது அகலமான பக்கத்தில். மூன்று சக்கர வண்டி செய்வதென்றால் இதுவே மேலான ஏற்பாடு. பிரிட்டனின் மார்கன் மூன்று சக்கரக் கார்களும் இதே அமைப்புதான், ஆனால் அவை முன்சக்கரங்களில் திரும்பின.

இப்போது விபத்து. 1933 அக்டோபர் 27 அன்று சிகாகோ உலகக் கண்காட்சியின் வாசலுக்கு அருகே முதல் கார் உருண்டது. ஓட்டிய ஃபிரான்சிஸ் டர்னர் இறந்தார். பிரிட்டிஷ் விமானியான வில்லியம் செம்பிலும் பிரான்சைச் சேர்ந்த சார்ல்ஸ் டால்ஃபஸும் பலத்த காயமடைந்தார்கள். மறுநாள் பத்திரிகைகள் விசித்திரக் காரைக் குற்றவாளியாக்கின. இன்னொரு கார் சம்பந்தப்பட்டிருந்தது, அது உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவருடையது, போலீஸ் வருவதற்குள் அப்புறப்படுத்தப்பட்டது என்பது ஃபுல்லர் தரப்பு. விசாரணையிலும் மோதலே காரணமாகச் சொல்லப்பட்டது. இந்த ஒரு விபத்தை வைத்து ஸ்டீயரிங்கைத் தண்டிக்கவும் முடியாது, விடுதலை செய்யவும் முடியாது என்பதே என் கருத்து. ஆனால் ஸ்டீயரிங் சக்கரம் வாலில் இருக்கும் காரை இன்னொரு கார் வாலில் லேசாக உரசினாலும், சாதாரண காருக்கு ஆவதைவிடப் பெரிய பாதிப்பு ஏற்படும் என்பதை மறுக்க முடியாது. கூரை வேறு வெறும் கேன்வாஸ்.

ஃபுல்லருக்கு இது புரியவில்லை என்று நினைப்பது தவறு. பயிற்சி பெற்றவர்களை மட்டுமே ஓட்ட அனுமதித்தார், மோசமான வானிலையில் எடுக்கவிடவில்லை. ஆட்களைக் கட்டுப்படுத்துவதன் மூலம் காரைக் கட்டுப்படுத்தப் பார்த்தார். சோதனை ஓட்டம் என்கிற துறை இல்லாத காலத்தில் அதுதான் வழி.

துறை அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது என்று முன்பே சொன்னேன். ஜெனரல் மோட்டார்ஸ் மிஷிகன் மாநிலத்து மில்ஃபோர்டில் தனிச் சோதனைத் தளத்தை 1924-ல் திறந்தது. டயர் போகிற திசையும் அது பார்க்கிற திசையும் சற்று வேறுபடும்போதுதான் பக்கவாட்டுப் பிடி உண்டாகிறது என்பதை பிரான்சில் புரூல்யே என்ற பொறியாளர் 1925-ல் எழுதினார். ரோல்ஸ் ராய்ஸிலிருந்து 1930-ல் கேடிலாக்குக்கு வந்த மாரிஸ் ஆலி, காரின் முன்பாகமும் பின்பாகமும் எப்படி ஆடுகின்றன என்று எடைகளை இடம் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தார். வளைவில் கார் ஸ்டீயரிங் சொன்னதைவிடக் குறைவாகத் திரும்புவதையும் அதிகமாகத் திரும்புவதையும் அண்டர்ஸ்டீயர், ஓவர்ஸ்டீயர் என்று பிரித்துப் பேசும் வழக்கம் அவரோடு தொடங்கியது. டைமாக்ஸியன் சாலைக்கு வந்தபோது இந்த அறிவு சில பொறியாளர்களின் நோட்டுப் புத்தகங்களில் இருந்தது. காரின் பக்கவாட்டு அசைவுகளைக் கணிதச் சமன்பாடாக எழுதி, ஓட்டிப் பார்த்து ஒப்பிடும் வேலை முழுமையாக வெளியானது 1956-ல்தான்.

இன்று அப்படி ஒரு பரிசோதனைக் கார் கையில் கிடைத்தால், சோதனை ஓட்டுநர் முதலில் செய்வது திருப்பிப் பார்ப்பதல்ல. ப்ளேவை அளப்பார். டயர் காற்று, பேரிங் தளர்ச்சி, பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறதா என்பதையெல்லாம் தீர்த்த பிறகே சாலைக்குப் போவார். இல்லாவிட்டால் தேய்ந்த பாகத்தின் குற்றத்தை வடிவமைப்பின் தலையில் கட்டிவிடுவோம். பழைய கார்களைப் பற்றிய பாதிப் புகார்கள் இப்படிப் பிறந்தவைதான். பிறகு அகலமான, காலியான தளத்தில் 30 கி.மீ. வேகம். நேராகப் போகும்போது ஸ்டீயரிங்கைச் சற்றே விடுவார். வண்டி தானாக நேராகிறதா, விலகிக்கொண்டே போகிறதா? அடுத்து லேசாக ஒரு வெட்டு வெட்டிவிட்டுப் பிடியைத் தளர்த்துவார். அசைவு அடங்குகிறதா, வளர்கிறதா? பத்துப் பத்து கி.மீ.யாக வேகத்தைக் கூட்டி இதையே திரும்பச் செய்வார். அசைவு அடங்க எடுக்கும் நேரம் நீண்டுகொண்டே போனால், எந்த வேகத்தில் அது அடங்கவே அடங்காது என்பதை அந்த வேகத்தைத் தொடாமலே கணித்துவிடலாம். நிலையான வட்டத்தில் ஓட்டுவது, தடம் மாற்றுவது, பெரிய மின்விசிறிகளுக்கு முன்னால் கடப்பது எல்லாம் அதற்குப் பிறகு.

டைமாக்ஸியன் இந்த வரிசையில் முதல் படியிலேயே மாட்டியிருக்கும். அதன் பொதுக்காட்சிகள் சோதித்ததெல்லாம் ஓட்டுநர் ஏதாவது செய்தால் கார் என்ன செய்யும் என்பதை. ஓட்டுநர் ஒன்றும் செய்யாதபோது என்ன செய்யும் என்பதை எந்தக் கூட்டமும் கேட்கவில்லை.

பின்சக்கர ஸ்டீயரிங்கால் வேகமாகவே போக முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. 1997 அக்டோபர் 15 அன்று நெவாடா பாலைவனத்தில் ஒலியின் வேகத்தைத் தாண்டி, மணிக்கு 1,228 கி.மீ. என்ற தரைவேகச் சாதனையை வைத்த த்ரஸ்ட் எஸ்எஸ்சி என்ற ஜெட் கார் திரும்பியது பின்சக்கரங்களால்தான். இரண்டு ஜெட் இன்ஜின்கள் முன்பக்கத்தை அடைத்துக்கொண்டதால் முன்சக்கரம் திரும்ப இடமில்லை. அதைக் கட்டியவர்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம், ஒரு பழைய மினி காரை வாங்கி, அதன் பின்னால் அதே மாதிரிச் சக்கர அமைப்பைப் பொருத்தி, பெரிய காரைக் கட்டுவதற்கு முன்பே ஓட்டிப் பார்த்தது. அப்படியிருந்தும் விமானப்படை விமானியான ஆண்டி கிரீன் பாலைவனத்தில் அதை நேராக வைத்திருக்க ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அவருக்குப் பக்கத்தில் காவலரும் இல்லை, எதிரே லாரியும் இல்லை.

சாதாரண கார்களில் பின்சக்கரம் திரும்புவது 1987-ல் ஹோண்டா பிரிலூடோடு பெரிய அளவில் வந்தது. அங்கே ஸ்டீயரிங்கைக் கொஞ்சமாகத் திருப்பும்போது பின்சக்கரங்களும் முன்சக்கரங்களின் பக்கமே, அதிகபட்சம் ஒன்றரை பாகை திரும்பும். பார்க்கிங்கில் முழுக்கத் திருப்பும்போது மட்டும் எதிர்ப்பக்கம், ஐந்து பாகை சொச்சம். ஃபுல்லர் 90 பாகை கொடுத்த இடத்தில் இவர்கள் அளந்து கொடுத்தது இவ்வளவுதான்.

மூன்று டைமாக்ஸியன்களில் இன்று மிஞ்சியிருப்பது இரண்டாவது மட்டுமே, நெவாடாவின் ரீனோ நகர அருங்காட்சியகத்தில். ஃபுல்லரோடு வேலை செய்த கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் 2010-ல் ஒரு பிரதி செய்வித்தார். டென்னசியின் நாஷ்வில்லில் உள்ள லேன் மோட்டார் மியூசியம் முதல் காரின் பிரதியைக் கட்டி 2015-ல் சாலையில் ஓட்டியது. அந்தக் காரைப் பற்றி இன்று நாம் அனுபவமாகப் படிப்பதெல்லாம் இந்தப் பிரதிகளிலிருந்து வருபவை. அவற்றை வாசிக்கும்போது டயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 1933-ன் டயர்கள் குறுக்கு இழைப் பின்னலில் செய்த, பக்கவாட்டில் மெத்தென்று வளைந்து கொடுக்கும் டயர்கள். இன்றைய ரேடியல் டயர் அதே சக்கரத்தில் ஏறினால் பிடியும் கூடும், திருப்பியதும் அந்தப் பிடி கிடைக்கிற விரைவும் கூடும். ஒரே ஒரு டயர்தான் ஸ்டீயரிங் என்கிற காரில் அந்த ஒரு டயரை மாற்றினால், ஓட்டிப் பார்ப்பது ஏறக்குறைய வேறொரு காரை.